ஆறாவது தலையணை

செல்லையனுக்கு நெஞ்சில் பிடித்தம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூச்சை உள்ளே இழுத்தால் பாதி வழியில் நின்றுகொள்ளும். வெளியே விட்டால் விசிலடிக்கும். வெளியே நடமாடும்போது ஒரு கோளாறும் கிடையாது. பாறசாலை சந்தை முக்கில் நின்று, மலையாள ராஜ்யத்தில் கிடக்கிற தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று அவர் குரல் கொடுத்தால் பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தால் தொலைந்தது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆற்றில் குளிப்பதுதான் என்றாள் பக்கத்து வீட்டு விஜயம்மா. வாழைப்பழமும் பனியும் என்றார் உபதேசியார். பெண்டாட்டி சுகிர்தபாய்க்கு மட்டும் சந்தேகமே இல்லை. எல்லாம் அந்தக் கோஷத்தால் வந்தது.

"மீட்டிங்கு மீட்டிங்குண்ணு தொண்டையக் கீறுனா நெஞ்சு சும்மா கெடக்குமா? தாலுகா எங்க போனா நமக்கு என்ன?"

"எட்டி, நம்ம பிள்ளேளு நம்ம பாஷையில படிக்கண்டாமா? கோர்ட்டுல நம்ம பாஷையில பேசண்டாமா? அதுக்காக்கும் இந்தப் பாடு."

"பேசணும்ணா மொதல்ல மூச்சு வேணும்."

இதற்குச் செல்லையனிடம் பதில் கிடையாது. ஐம்பத்து நாலாம் வருஷம் அது. பெரிய பெரிய தலைவர்களிடமே பல கேள்விகளுக்குப் பதில் இல்லாத காலம். பாவம், அவர் என்ன செய்வார்?

சுகிர்தபாய் வாயால் திட்டுவாள், கையால் பார்ப்பாள். ஆடாதோடை இலையை அவித்துக் கொடுப்பாள். கருப்பட்டி போட்டுச் சுக்குக்காப்பி கொடுப்பாள். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துச் சூடு பறக்க நெஞ்சில் தடவுவாள். அப்போதைக்குக் கொஞ்சம் இளகும். ஆனால் தலையை உயர்த்திச் சாய்ந்திருந்தால்தான் அவருக்கு மூச்சு நன்றாக ஓடியது. அதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். தலையணை செய்வது அவள் தொழில். நடு அறையில் உட்கார்ந்து, கூடைக்குள் இலவம் பஞ்சைப் போட்டுக் கவைக்கம்பால் கடைந்து, கொட்டை நீக்கி, உறையில் அடைப்பாள். அமரவிளை முதல் காரோடு வரை கல்யாண வீடுகளுக்கு அவள் தலையணைதான் போகும். புருஷனுக்கு ஒரு தலையணை போதவில்லை என்றதும் இரண்டாவது வைத்தாள். பிறகு மூன்று, நான்கு. ஐந்தாவது வைத்தபோது செல்லையன் கிட்டத்தட்ட உட்கார்ந்தே தூங்கினார்.

ஒருதடவை பாறசாலை கம்பவுண்டரிடம் கூட்டிப்போனாள். அவர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல தூசி உண்டா?" என்றார். சுகிர்தபாய்க்கு வந்ததே கோபம்!

"எனக்க வீட்டுலயா? தரையில சோறு போட்டு அள்ளித் தின்னலாம், தெரியுமா?"

உண்மைதான். காலையும் மாலையும் பெருக்குகிறவள், வாரத்துக்கு இரண்டுமுறை சாணம் மெழுகுகிறவள். தூசி என்றால் ரோட்டில் கிடப்பது, பரணில் கிடப்பது. பஞ்சை யாராவது தூசி என்பார்களா? பஞ்சு சோறு போடுகிற சாதனம். கம்பவுண்டர் பயந்துபோய் சிவப்புக் கலரில் ஒரு மருந்தைக் கலக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆடி மாதத்தில் கூட்டம் கூடத் தடை வந்தது. தடையை மீறி ஊர்வலம் போன பதினொரு பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. அதில் முன்னால் நின்று குரல் கொடுத்தவர் செல்லையன். மூன்று மைல் தள்ளியிருந்த ஸ்டேஷனில் அடைத்தார்கள். வேறு இடங்களில் அடியும் உதையும் நடப்பதாகச் செய்தி வந்தபடி இருந்தது. சுகிர்தபாய்க்கு அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வெறும் சிமெண்டுத் தரையில் தலைக்கு ஒன்றுமில்லாமல் கிடந்தால் மனுஷனுக்கு மூச்சு நின்றுபோகுமே! மூன்று நாள் சோறு தண்ணீர் சரியாக இல்லாமல் உட்கார்ந்து, இருந்ததிலேயே நல்ல பஞ்சாகப் பொறுக்கி, ஆறாவது தலையணையை அடைத்தாள். ஐந்து தலையணை சேர்ந்து செய்கிற வேலையை இது ஒன்றே செய்யவேண்டும் என்று அத்தனை பெரிதாக அடைத்தாள். நாலாம் நாள் காலையில் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

செல்லையன் கம்பிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மூச்சு எப்படி இருக்கு?" வந்ததும் அதைத்தான் கேட்டாள்.

"நல்ல சொகம் உண்டு."

பொய் சொல்கிறார் என்று நினைத்து, கம்பியோடு காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு சின்னப் பொறாமையும் எட்டிப் பார்த்தது. தன் வீட்டில் வராத சுகம் போலீஸ் ஸ்டேஷனில் வந்துவிட்டதே என்று யாருக்குத்தான் இருக்காது?

அப்போதுதான் செல்லையன் தலையணையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எட்டி, அத வீட்டுக்குக் கொண்டு போ."

"ஏன்? உங்களுக்குத்தான் செய்தேன்."

"வேண்டாம்ணா வேண்டாம். ஏமானே, அத உள்ள விடாதீங்க. தொடவும் வேண்டாம், அப்படியே திருப்பி அனுப்புங்க!"

ஏமான் என்றது ஹெட் கான்ஸ்டபிள் பொன்னப்பனை. மீசை வைத்த மலையாளத்துக்காரர். இருபது வருஷ சர்வீஸில், தொடாதே என்று கைதி சொன்ன ஒரு பொருளைத் தொடாமல் விட்டவரல்ல.

"எந்தா இதில்? நோட்டீஸோ?" என்று தலையணையைப் பிடுங்கி மேஜையில் போட்டு, பேனாக்கத்தியால் நீளவாட்டில் ஒரு கிழி கிழித்தார். முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். நோட்டீஸ் வரவில்லை. பஞ்சுதான் வந்தது. வாசல் காற்றில் அது ஸ்டேஷன் முழுக்கப் பறந்து, ரைட்டர் தும்மினார், கான்ஸ்டபிள்கள் தும்மினார்கள், பொன்னப்பன் மீசை வெள்ளையாகிவிட்டது.

கம்பிக்குப் பின்னால் செல்லையன் ஒருமுறை இருமினார். இரண்டாவது இருமலில் தோள் ஏறியது. தொண்டைக்குழி உள்ளே இறங்கியது. அந்த விசில் ஆரம்பித்தது.

சுகிர்தபாய் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்றைக்கு அவர் கோஷம் போடவில்லை. ஆற்றில் குளிக்கவில்லை. பழமும் தின்னவில்லை, பனியும் இல்லை. அவளுடைய பஞ்சு ஒன்றுதான் புதிதாக வந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை இந்த வேலையை அண்ணன் ராஜதாஸின் கொட்டகையில்தான் செய்துவந்தாள். புருஷனுக்குச் சூடாகச் சோறு போடலாமே என்றுதான் கூடையையும் கம்பையும் வீட்டுக்குள் கொண்டு வந்தாள். அந்த மாசமே அவருக்கு நெஞ்சு பிடித்தது. மூச்சு முட்டுகிறது என்று ஒவ்வொருமுறை அவர் சொன்னபோதும் அவர் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மூட்டையை அவளே கொண்டு வைத்திருக்கிறாள். அந்த நிமிஷம் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பொன்னப்பன் சாவியை எடுத்துக் கம்பிக்கதவைத் திறந்தார்.

"வலிவாணு இது, இழுப்பு. என்றெ பெங்ஙளுக்கும் உண்டு, தங்கச்சிக்கு. வா, வெளியில் வா."

முற்றத்துப் பலாமரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். "குனிஞ்ஞு இரி. கை ரெண்டும் முட்டில் வை. மூக்கில் எடு, வாயில் ஊது. விளக்கு அணைக்கிற மாதிரி ஊது. பதுக்கெ, மெதுவா. பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம்." பாலில்லாமல் கடுங்காப்பி ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

சுகிர்தபாய் புருஷனின் முதுகைத் தடவ ஓடினாள். நாலடி வைத்ததும் தன் சேலையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். கொசுவத்திலும் முந்தானையிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கமாகவே நடந்து கேட் ஓரமாகப் போய் நின்றாள். அவர் மூச்சுக்குப் போராடுகிற ஒவ்வொரு தடவையும் இவளுக்குக் கை துடித்தது. ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவருக்காக அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அந்த அரைமணி நேரம் தள்ளி நின்றதுதான்.

மூச்சு திரும்பியதும் செல்லையன் தலையை நிமிர்த்தினார்.

"உங்களுக்கு முன்னயே தெரியுமா?" என்று கேட் ஓரத்திலிருந்தே கேட்டாள்.

"இஞ்ச வந்து ரெண்டாம் நாளே மனசிலாச்சு. பஞ்சு இல்லாத எடத்துல வெறும் தரையில கெடந்தும் மூச்சு ஓடிச்சு."

"எனக்கு ஏன் ஆளு விட்டுச் சொல்லேல?"

"எப்படிச் சொல்லுவேன்? நீ ராவும் பகலும் இருந்து செய்ததாக்கும். ஒனக்க தலையணைதான் என்னக் கொல்லுதுண்ணு எனக்க வாயில வருமா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடப் போனாள், பஞ்சை நினைத்துக் கையை எடுத்துக்கொண்டாள். கண்ணீர் பாட்டுக்கு ஓடியது. பொன்னப்பன் கிழிந்த தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊசி நூல் கிடைக்குமா என்று ரைட்டரைக் கேட்டார்.

அடுத்த ஆறு நாளும் சுகிர்தபாய் உட்காரவில்லை. கூடை, கம்பு, மூட்டை, தலையணைகள் எல்லாவற்றையும் வயலுக்கு அந்தப்புறம் இருந்த விஜயம்மாவின் பழைய மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினாள். விஜயம்மா வீட்டு ஆண்கள் கூட்டங்களில் எதிர்ப்பக்கம் நிற்கிற மலையாளத்துக்காரர்கள். விஜயம்மாவோ, "கொண்டு வெச்சோ, கேட்டோ" என்று கதவைத் திறந்து கொடுத்ததோடு, ஒட்டடைக் கம்போடு கூடவே வந்துவிட்டாள். இருவருமாகக் கூரையையும் சுவரையும் ஈரத்துணியால் துடைத்தார்கள். இனி வேலை முடிந்தால் குளத்தில் முங்கி, சேலை மாற்றிவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவது என்று சுகிர்தபாய் தீர்மானித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் செல்லையனை விட்டார்கள். வந்தவர் வெறுமையாகக் கிடந்த நடு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம மீட்டிங்கு உண்டு" என்றார் தயங்கிக்கொண்டே.

"போங்க, யாரு வேண்டாம்ணு சொன்னா? மொதல்ல சோறு தின்னுங்க."

சாப்பிட்டுவிட்டு, அவள் விரித்துவைத்த தாழம்பாயில் ஒரு வேட்டியை மடித்துத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தன் வீட்டில் மனுஷன் நீட்டி நிமிர்ந்து படுப்பது அன்றைக்குத்தான். படுத்தவுடன் தூங்கிப்போனார்.

சுகிர்தபாய் பாத்திரம் கழுவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விசில் இல்லை, இழுப்பு இல்லை. கொஞ்சநேரம் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் குனிந்து கேட்டாள். ஒன்றுமே இல்லை. ஐயோ என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

செல்லையன் பதறி எழுந்தார். "என்னட்டி? போலீசா?"

"இல்ல, ஒரு சத்தமும் கேக்கேல. உயிரு உண்டாண்ணு பாத்தேன்."

அவர் திரும்பவும் பாயில் சாய்ந்தார். பிறகு அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, மறுபடி கண்ணை மூடினார். கைக்கடியில் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது. மாலையில் அவராக எழுந்திருக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.