கிளட்ச் இல்லாத கார்

தினேஷ்குமார் அரை மணி நேரமாக மூன்று கியர்பாக்ஸ்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ரிட்டயரானவன் நான். கியர்பாக்ஸ் என்றதும் எனக்குக் காது தானாக நிமிர வேண்டும். நிமிரவில்லை. எட்டு மாதமாக எனக்குள் எதுவும் நிமிர்வதில்லை.

குன்னூரில் அவனுடைய ஒர்க்‌ஷாப். நடுவில் என் மகன் சுபினின் கார் நின்றது. ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு டர்போ, ஐந்நூறு குதிரை. ஏதோ எஸ்டேட் பங்களா ஷெட்டில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கிவந்து, மூன்று வருடம் தானே பிரித்துப் பூட்டி ஓடவைத்தான். ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் கிடையாது. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கையால் மாற்றும் கியர் போட வேண்டும் என்று இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறான். ஒற்றைக் கால் என்று பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. இந்தப் பேச்சை எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. சுபினுக்கு இடது முழங்காலுக்குக் கீழே இருப்பது செயற்கைக் கால்.

கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் வலது கால் போதும். அவனால் ஓட்ட முடிகிற வண்டி என்று எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். அதையும் கெடுத்துக்கொள்கிறேன் என்று அடம்பிடிக்கிறவனை என்ன செய்வது?

நடந்தது இதுதான். பழைய பைக் ஒன்றை வாங்க இரண்டு பேரும் மேட்டுப்பாளையம் போயிருந்தோம். திரும்பும்போது இந்தக் கார் சாவியை என் கையில் கொடுத்தான். "நீங்க ஓட்டுங்கப்பா, நான் பைக்ல பின்னால வர்றேன்" என்றான். பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் சட்டென்று நின்றது. பின்னால் வந்தவன் காரில் மோதி, பைக்குக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான்.

காட்டெருமை குறுக்கே வந்தது என்று போலீசில் சொன்னேன். யானை என்றிருந்தால் ஃபாரஸ்ட்காரர்கள் தடம் தேடி வந்திருப்பார்கள். காட்டெருமையை நீலகிரியில் யாரும் தேடுவதில்லை. என் மனைவி யூனிஸ் காந்தல் சர்ச் சபையில் எழுந்து நின்று சாட்சியே சொல்லிவிட்டாள், காட்டெருமையின் கொம்பிலிருந்து கர்த்தர் மகனை உயிரோடு திருப்பித் தந்தார் என்று. எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன்.

காட்டெருமை வரவில்லை. வளைவில் ஏறும்போது முதல் கியருக்கு இறக்குவதற்காக என் இடது கால் கிளட்சை ஓங்கி மிதித்தது. இருபத்தாறு வருடப் பழக்கம். அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் இருந்தது. அன்றிலிருந்து நான் எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. அழவும் இல்லை.

"ஏனுங்க அங்கிள், நீங்களே சொல்லுங்க" என்றான் தினேஷ்குமார். "இதே மாடலோட ஆறு கியர் பெட்டி நல்ல ஸ்ட்ராங்கு, ஆனா கெடைக்கறது கஷ்டம். வேற கம்பெனிது உடனே கெடைக்கும், அடித்தகட வெட்டி ஒக்கார வெக்கோணும். அஞ்சு கியரு சின்ன வண்டியோடதுங்க, இந்த எஞ்சின் இழுக்கற இழுப்புக்குப் பல்லு உதுந்துரும்."

"ஒண்ணும் வேண்டாம். இருக்கறதே இருக்கட்டும். இவன் எத வெச்சு மிதிப்பான்?"

சுபின் என்னைப் பார்க்கவில்லை. "இதே மாடலோடதே தேடுங்கண்ணா. எத்தன மாசமானாலும் சரி. கிளட்ச் மட்டும் கனமா இருக்கோணும், பஸ் கிளட்ச் மாதிரி."

"கனமாவா? யாரு ஓட்டப்போறா தம்பி?"

"அப்பா."

கோபம் வந்திருக்க வேண்டும். வாய் மட்டும் கோபப்பட்டது. "உனக்கென்ன கிறுக்கா? நான் வண்டியத் தொட்டே எட்டு மாசமாச்சுடா."

இரண்டு பேருக்கும் நடுவில் தினேஷ்குமார்தான் நெளிந்தான். "சரி விடுங்க அங்கிள். சும்மா ஏறி உக்காருங்க. உங்க காலு எங்க விழுதுன்னு பாத்தாத்தான் பெடல எங்க வெக்கறதுன்னு தெரியும்."

உட்கார்ந்தேன். சீட் அதே சீட். சுபின் தடியை ஊன்றிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றான்.

"பஸ்ஸுன்னு நெனச்சுக்குங்க. வளைவு வருது, கியர எறக்கறீங்க" என்றான் தினேஷ்குமார்.

வெறும் தரையில்தான் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பதற்குள் கால் போய்விட்டது. கண்ணாடியில் சுபினின் வெள்ளைச் சட்டை சிவப்பாகத் தெரிந்தது.

"ஐயோ, அது பிரேக்குங்க அங்கிள்!" என்று சிரித்த தினேஷ்குமார், தரையில் குறிபோட சாக்பீஸ் எடுக்க உள்ளே போனான்.

சுபின் மெதுவாக நடந்து ஜன்னலுக்கு வந்தான். நான் நேராக முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"காட்டெருமை வரலடா."

"தெரியும்ப்பா."

"எப்பருந்து?"

"அன்னிக்கிருந்தே. எருமை வந்திருந்தா நீங்க மொதல்ல ஹாரன் அடிச்சிருப்பீங்க. ஹாரன் கேக்கல. பிரேக் லைட்டு மட்டுந்தான் எரிஞ்சுது."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"அம்மா சபைல சாட்சி சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது?" கூரைமேல் கையை ஊன்றிக் குனிந்தான். "இத இனிமே நான் ஓட்ட மாட்டேன்ப்பா. எனக்கு வேற ஆட்டோமேட்டிக் பாத்துக்கலாம். இத நீங்க ஓட்டுங்க. என்னையப் பக்கத்துல வெச்சு அந்த வளைவுல ஏத்துங்க. கிளட்ச்சோட."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக எங்கேயோ வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

சுபின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். காருக்குப் பின்னாலிருந்த சுவர் பிரேக் லைட்டில் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"பிரேக்க விடுங்கப்பா" என்றான். "பேட்டரி எறங்கிரும்."