மூன்றாவது பெடல்

நீலசந்திராவில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மைக்கேல்ராஜ் மாஸ்டர். மீதிப் பாதிப் பேர் அந்த முதல் பாதிக்குப் பயந்து ஓரமாய் நடப்பவர்கள். அப்பேர்ப்பட்டவர் நான்கு மாதமாக எந்த வண்டியிலும் ஏறவில்லை. எங்கே போனாலும் நடைதான். பெங்களூர் டிராஃபிக்கில் அதனாலேயே எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஏதோ கோளாறு என்று வீட்டில் கண்டுபிடிக்கவே வெகுநாள் ஆயிற்று.

கோளாறு அத்திபெலே சர்வீஸ் ரோட்டில் ஆரம்பித்தது. பாகீரதி மேடத்துக்குக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தார். நாலு யானையை ஒன்றாய்க் கட்டிய மாதிரி ஒரு தண்ணி டேங்கர் ராங் சைடில் வந்தது. மேடம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். இடது சீட்டில் இருந்த மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, டேங்கர் நிற்கவில்லை. மேடத்துக்குத் தோள் எலும்பு முறிந்தது. மாஸ்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதுதான் அவரைத் தின்றது. 'பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிச்சிருந்தா தாண்டியிருப்போமே.' கார்க் கதவில் கை வைத்தாலே காதுக்குள் டேங்கர் ஹாரன் அடிக்கும். உள்ளங்கையில் குடம் குடமாய் வேர்க்கும்.

ஈஜிபுராவிலிருந்து மேடம் போன் செய்தார். அவர் பேங்க் மேனேஜர், சொன்ன சொல்லை மாற்றாத ஜாதி.

"மாஸ்டர், எலும்பு ஒட்டிடுச்சு. எல்எல்ஆர் அடுத்த மாசத்தோட முடியுது. எப்போ கிளாஸ்?"

"வேற நல்ல மாஸ்டரா பாத்துத் தரேன் மேடம்."

"நல்ல மாஸ்டர் எனக்கெதுக்கு? நீங்க வாங்க. இல்லேன்னா நான் இந்த ஜென்மத்துல ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்."

மனைவி மரியாதான் அவரை மனநல ஆலோசகர் கிருத்திகாவிடம் அனுப்பினாள். கிருத்திகா எதிரே உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டினாள்.

"நடந்ததை மனசுல வெச்சுக்கிட்டு, என் விரல் போற பக்கம் கண்ணை மட்டும் ஓட்டுங்க. ஞாபகம் அழியாது சார். இப்பவே நடக்கிற மாதிரி இருக்கே, அது குறையும். நடுநடுவே கேப்பேன், ஜீரோவிலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு."

வாழ்நாள் முழுக்க ஆர்டிஓ இன்ஸ்பெக்டரிடம் பாஸ் ஆக ஆட்களைத் தயார் செய்தவர் மாஸ்டர். அவருக்கு இதுவும் டெஸ்டாகத்தான் தெரிந்தது. விரலை விட்டு விழி ஒரு நூல் பிசகவில்லை. மனசுக்குள் மட்டும் டேங்கருக்குப் பதில் மட்டன் பிரியாணியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இப்போ எவ்வளவு சார்?"

"ஜீரோ." தப்பு ஜீரோ என்றால்தானே பாஸ்.

"அவ்வளவு சீக்கிரமாவா? அப்ப கீழ வாங்க. என் கார்ல சும்மா ஒரு நிமிஷம் உக்காரலாம்."

மாஸ்டரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் கீழ்மாடிக்கு இறங்கிப் போனது.

"பத்து," என்றார். "பதினஞ்சுகூட இருக்கும் டாக்டரம்மா."

"என்கிட்ட பாஸ் பண்ண வந்தீங்களா?"

"பழக்க தோஷம்."

"இங்க பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. தாங்கலேன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்."

இந்தத் தடவை நிஜமாகவே டேங்கரை வரவிட்டார். விரல் இடதும் வலதுமாய்ப் போயிற்று. நெஞ்சு அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்திருக்கும். பாதியில் கையைத் தூக்கினார். தண்ணீர் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார்கள்.

"என்ன வருது?"

"ஹாரன்."

"அதோடயே போங்க."

கண்கள் போய்ப் போய் வந்தன.

"இப்போ?"

"மேடம் கை. வளையல் உடையுது."

மறுபடி விரல்.

"இப்போ?"

"என் காலு. பிரேக் மேல இருக்கு. பக்கத்துல கிளட்ச்." கார்ப்பெட்டின் மேல் அவர் வலது கால் எதையோ தேடித் துழாவியது. அப்படியே நின்றது. "டாக்டரம்மா, இடது சீட்டுல ஆக்ஸிலேட்டரே கிடையாது."

கிருத்திகா விரலை இறக்கினாள்.

"நான்தானே ஜே.சி. ரோட் மெக்கானிக்கிட்ட நின்னு ஃபிட் பண்ண வெச்சேன். ரெண்டே பெடல். இல்லாத பெடலை மிதிக்கலைன்னுதானா நாலு மாசமா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்?"

அவர் அழுத அழுகைக்கு அல்சூர் ஏரி கரை உடைந்திருக்கும்.

"இப்போ எவ்வளவு சார்?"

யோசித்தார். "நாலு. இது நிஜமான நாலு."

கிருத்திகாவிடம் இன்னும் சில தடவை போய் வந்தபின், ஒரு சனிக்கிழமை காலை ஈஜிபுராவுக்கு நடந்தார். பாகீரதி மேடம் தன் காரில் தயாராக இருந்தார். மாஸ்டர் கதவைத் தொட்டார். கை வேர்த்தது. ஹாரன் கேட்டது, முன்னைப்போல் காதுக்குள் இல்லை, இரண்டு தெரு தள்ளி. உட்கார்ந்தார்.

"மாஸ்டர், எனக்குக் கை நடுங்குது."

"எனக்கும்தான் மேடம்."

"அப்போ யாரு யாருக்குச் சொல்லித் தர்றது?"

"சாவியைப் போடுங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம்."

கார் கங்காரு மாதிரி இரண்டு துள்ளு துள்ளி நடுரோட்டில் அணைந்தது. பின்னால் ஈஜிபுரா மொத்தமும் ஹாரன் அடித்தது. மாஸ்டரின் கை கதவுப் பிடிக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மடிக்குத் திரும்பி வந்தது.

"கிளட்சை மெதுவா விடணும் மேடம்," என்றார். "மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."