தொட்டுக் காட்டிய வண்டி

செங்கம் சாலைத் தொழிற்சாலையின் தகரக் கூரை அதிர, ஒரு சிவப்பு பைக் உறுமிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கால்நடை டாக்டர் தமிழ்செல்வி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி, எழிலரசி. எருமை மாதிரி ஊர்ந்து வந்தேன்."

உலக சூப்பர்பைக் போட்டிக்குள் நுழைய ஒரு நிபந்தனை உண்டு. போட்டியில் ஓடும் வண்டியும் கடையில் விற்ற வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்க வந்த ஆய்வாளர் சகாதேவன், முப்பது பேர் வேலை செய்யும் எழிலரசியின் பைக் கம்பெனியை நம்பவில்லை. வாங்கியவர்கள் பட்டியலில் தானே தமிழ்செல்வியின் பெயரைத் தொட்டு, அவள் வண்டியை வரவழைத்தார்.

"ரேஸுக்கு நல்ல சாமான், ஊருக்கு மட்டமான சாமான். சின்ன கம்பெனிங்க இதைத்தான் செய்யுது," என்றார்.

"பார்த்துப் பிரிங்க சார். சாயங்காலம் ஒரு பசு கன்னு போடப்போவுது, இதுலதான் போகணும்," என்றாள் தமிழ்செல்வி.

ஆய்வாளர் என்ஜினைப் பிரித்து, பிஸ்டன் முதல் வால்வு வரை அளந்தார். கம்பெனி போட்டிக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இருந்த அளவிலிருந்து மயிரிழைகூடப் பிசகவில்லை. சகாதேவன் குரல் இறங்கியது.

"சரிம்மா. இப்ப ரேஸ் வண்டியைக் காட்டுங்க."

விற்பனைக்கு வரிசையாக நின்ற வண்டிகளை எழிலரசி காட்டினாள்.

"தனியா ஒண்ணும் செய்யலைங்க சார். இதுல நீங்களே ஒண்ணைத் தொடுங்க, அதையே அனுப்புறோம்."