திரும்பி வந்த பெல்ட்டுகள்

விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் சோதனைக்கூடத்தில் ஐந்து டிரெட்மில்களும் ஓடத் தொடங்கிவிட்டன. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள் வெற்று மார்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர ஓர் இடமில்லாத ஓட்டம். தடுப்புக்கு இந்தப் பக்கம், ரிப்பேர் மேசையில் அக்கா சால்டரிங் கம்பியைச் சூடேற்ற வைத்துவிட்டு முதல் பெல்ட்டைக் கையில் எடுத்தாள். நேற்று யாரோ வியர்த்த ஈரம் அதில் இன்னும் முழுதாகக் காயவில்லை.

தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். தம்பி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி "அக்கா, சாப்பாட்டு டப்பா உன்கிட்டயா இருக்கு?" என்று கத்தினான். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் போயிற்று. அவன் போய் இன்றைக்கு ஒன்பதாவது நாள். தம்பி ஓடிய மூன்றாவது டிரெட்மில்லில் புதிதாக ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் பார்க்காமலே அவளுக்கு அவன் காலடிச் சத்தம் வேறாகக் கேட்டது.

பெல்ட்டில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. உள்பக்கம் இரண்டு கறுப்பு ரப்பர் தகடுகள். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தோலின்மேல் துளி மின்சாரம் பரவும். ஒரு வோல்ட்டை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. தகடுகள் அதைப் பிடித்து நடுவிலிருக்கும் சின்ன டப்பாவுக்குக் கொடுக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று டப்பா அளந்து, ஓடுகிறவரின் கைக்கடிகாரத்துக்கு எண்ணாக அனுப்பும். ரப்பரில் தண்ணீர் தொட்டுக் கட்ட வேண்டும். காய்ந்திருந்தால் எண் கண்டபடி குதிக்கும்.

மேசையில் ஒரு பெட்டி இருந்தது. பொய்யாகத் துடித்துக் காட்டும் பெட்டி. பெல்ட்டை அதில் மாட்டினால் நிமிடத்துக்கு எண்பது என்று கடிகாரம் சொல்ல வேண்டும். ஆனால் பெட்டிக்கு வியர்க்காது, மூச்சு வாங்காது, அது குதிக்காது. அதனால்தான் மனிதர்களை ஓடவிட்டார்கள். தயாராகி வரும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் பத்துப் பெல்ட், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். எண் குதித்தால் பெல்ட்டில் குறை. அது ரிப்பேர் மேசைக்குத் திரும்பி வரும்.

தம்பி கட்டி ஓடிய பெல்ட்டுகள்தான் அதிகமாகத் திரும்பி வந்தன.

"ஏன்டா, உன் பெல்ட் மட்டும் எதுக்கு என் மேசைக்கே வருது? அக்கா மேல பாசம் அவ்வளவு பொங்குதா?"

"நான் என்னக்கா பண்றது, ஒழுங்காத்தான் கட்டுறேன்."

"தண்ணி தொட்டியா?"

"தொடுறதா? குளிப்பாட்டியே கட்டுறேன்."

மார்பில் முடி அதிகம், அதனால் ரப்பர் ஒட்டவில்லை என்று அவளே முடிவு செய்தாள். சவரக் கத்தியும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் அவன் மழித்த மார்போடு வந்து நின்றபோது கூடமே சிரித்தது. "கறிக்கடைக் கோழி வந்திருக்கு, எடை போடுங்க" என்றான் ஒட்டகம். நீளக் கழுத்தால் அந்தப் பெயர் பெற்றவன், இரண்டாவது டிரெட்மில்காரன். தம்பியும் சேர்ந்து சிரித்தான். அன்றைக்கும் நான்கு பெல்ட் திரும்பி வந்தது.

பொய்த்துடிப்புப் பெட்டியில் மாட்டினால் அந்த நான்கும் எண்பது காட்டின. அவளுக்கு அது தெரியும். எப்போதுமே தெரிந்திருந்தது. ஆனால் குறைச்சீட்டில் ஐந்து கட்டங்கள்தான். பொத்தான் தளர்வு, ரப்பர் விரிசல், பற்றவைப்பு விட்டது, பேட்டரி, உள்ளே ஈரம். குறையே இல்லை என்று சொல்ல ஒரு கட்டம் கிடையாது. எதையாவது குறிக்காவிட்டால் சீட்டைக் கணினி வாங்காது. பெல்ட் மேசையிலேயே தேங்கும். தேங்கினால் மேற்பார்வையாளர் வந்து பின்னால் நிற்பார். அதனால் முதல் கட்டத்தில் ஒரு குறி. பொத்தான் தளர்வு. சரிசெய்யப்பட்டது. கீழே கையெழுத்து.

ஒரு நாள் அவன் கேட்டான். "மாடி ஏறுறப்ப நெஞ்சுல ஒரு துடிப்பு வழுக்கிப் போற மாதிரி இருக்குக்கா. உனக்கு அப்படி வருமா?"

"நேரத்துக்குத் தூங்கு, சரியாயிடும்" என்றாள்.

இருபத்தாறு வயது. வேலை முடிந்து, கேட்டைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். பிறகு எழவே இல்லை. கேட்டிலிருந்து முப்பது அடி. வெளியே நடந்ததற்குப் பொறுப்பில்லை என்று அந்த முப்பது அடியைக் கம்பெனி இறுகப் பிடித்துக்கொண்டது.

முதல் ஓட்டம் முடிந்த நேரத்தில் வடிவமைப்புப் பிரிவுப் பெண் மேசைக்கு வந்தாள். டப்பாவுக்குள் இருக்கும் சிப்புக்கு விதிகள் எழுதுகிறவள். கையில் ஒரு நீளத்தாள்.

"அக்கா, இதை உங்ககிட்ட காட்டாம என்னால இருக்க முடியலை. உங்க தம்பி ஓடினப்ப வந்த துடிப்பு அலை. எண் மட்டும்தான் திரையில வரும். அடியில அலை தனியாப் பதிஞ்சுக்கிட்டே இருக்கும். யாரும் திறந்து பாக்கமாட்டோம்."

அக்கா தாளைப் பார்த்தாள். வரிசையாகக் கூரான மேடுகள்.

"ரப்பர் காஞ்சா கோடு கன்னாபின்னான்னு கிறுக்கும். இதைப் பாருங்க, கிறுக்கலே இல்லை. இந்தத் துடிப்பு முந்திக்கிட்டு வருது. அப்புறம் நீளமா ஒரு இடைவெளி. மறுபடி ஒண்ணு முந்துது, மறுபடி இடைவெளி. ஓட ஓட அதிகமாகுது."

"எத்தனை பெல்ட்ல இப்படி?"

"நாற்பத்தொண்ணு."

"எல்லாத்துலயும் இதேதானா?"

அவள் தலையாட்டினாள். பிறகு, கேட்காமலே, தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அடுத்த மாடல்ல முந்தி வர்ற துடிப்பை எண்ணவே வேண்டாம், சராசரியைப் போட்டு நிரப்பிடுன்னாங்க. வாங்குறவங்க குழம்பிடுவாங்களாம். அந்த விதியை நான்தான் எழுதினேன்."

அக்காவின் விரல் தாளில் ஓர் இடைவெளியின்மேல் நின்றது. நாற்பத்தொரு முறை அவன் இதயம் சொல்லிப் பார்த்திருக்கிறது. நாற்பத்தொரு முறையும் அவள் பொத்தானை இறுக்கி அனுப்பியிருக்கிறாள்.

சால்டரிங் கம்பியின் நுனி கருகிப் புகைந்தது. பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரி எட்டி அதை அணைத்தாள்.

பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். ஒரு நாளும் சொன்னதில்லை.

"நல்ல பையன்மா. எனக்கும் மனசு ஆறலை. உன் குடும்பத்துக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கேன். இதுல ஒரு கையெழுத்து போட்டுடு."

அவள் படித்தாள். இதயநோய் இருந்ததை மறைத்து அவன் வேலையில் சேர்ந்ததாக எழுதியிருந்தது.

"அவனுக்கே தெரியாததை எப்படி சார் மறைப்பான்? தெரிஞ்சிருக்க வேண்டியது நமக்குத்தான். அலை எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

முதலாளி கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் சீட்டாட்டம் போலப் பரப்பினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"பொத்தான் தளர்வு. பொத்தான் தளர்வு. பொத்தான் தளர்வு. அலை கோணலா வந்ததுன்னா பெல்ட் கோணல். நான் சொல்லலைம்மா, நீ எழுதிக் கொடுத்திருக்க. இல்லை, பொய்யா எழுதினேன்னு சொல்றியா? சொன்னா இன்னிக்கே உனக்கு இங்க வேலை இல்லை."

அவள் சீட்டுகளைப் பார்த்தாள். தன் கையெழுத்தே தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

"இந்தத் தாள் அவனுக்கு நோய்னு சொல்லுது. அந்தச் சீட்டு பெல்ட்ல பழுதுன்னு சொல்லுது. ரெண்டுல எது சார் நிஜம்?"

முதலாளி பேனாவை மூடினார். "வாய் நீளுது. மத்தியானம் வரைக்கும் டைம்."

"ஓடுறவங்க அலையை எல்லாம் ஒரு டாக்டரை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

"நாங்க பெல்ட் செய்யுறோம். ஆஸ்பத்திரி நடத்தலை."

திரும்பி வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச வாயெடுத்தால் அழுகைதான் வரும் என்று பயந்தாள். அதனால் முதலில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் பொய் எழுதினேன்" என்றாள். "தம்பியோட பெல்ட் ஒண்ணுலகூடக் குறை இல்லை. நாற்பத்தொரு சீட்டும் பொய். அவன் நெஞ்சுலதான் குறை இருந்தது. அதை பெல்ட் சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் பெல்ட்டை ரிப்பேர் பண்ணி அனுப்பினேன்."

கைகள் நின்றன. பற்றவைக்கும் வரிசையில் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள்.

கண்ணாடிக்காரி எழுந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியில் துடைத்தாள். "என்னமோ நீ ஒருத்திதான் எழுதின மாதிரி பேசுறியே. நான் மட்டும் என்னத்தை எழுதினேன்? இந்த ரிப்பேர் மேசையில இருக்குற அஞ்சு பேருக்கும் பொத்தான் தளர்வு எழுதியேதான் வயசாச்சு. இருக்குற கட்டத்துலதானே குறிக்க முடியும்?"

"வேலை போயிடும்னு சொல்றாரு."

"அஞ்சு பேரையும் அனுப்பட்டும். அப்புறம் அவரே வந்து உட்கார்ந்து பொத்தானை இறுக்கட்டும். அந்தத் தொப்பைக்கு இந்த நாற்காலி தாங்குதான்னு பாப்போம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே தேம்பலாக உடைந்தது.

கண்ணாடித் தடுப்பின் கதவு திறந்தது. ஒட்டகம் வந்து நின்றான். உடம்பு முழுக்க வியர்வை, மார்பில் பெல்ட். எப்போதும் கேலி பேசும் வாய் உலர்ந்திருந்தது.

"அக்கா, போன மாசத்துலேர்ந்து என்னோடதும் திரும்பி வருது. ஆறோ ஏழோ இருக்கும். அதுல நிஜமாவே பொத்தான் தளர்வா?"

அவள் கண்கள் அவன் மார்பிலிருந்த பெல்ட்டில் போய் நின்றன. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மெல்லக் குனிந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

வடிவமைப்புப் பெண் ஏற்கெனவே கணினிக்குப் போயிருந்தாள். ஒட்டகம் ஓடியபோது பதிந்த அலைகள் திரையில் வந்தன. கூர்மேடுகள் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தன. பிறகு ஒன்று முந்தியது. அதன் பின்னால் இடைவெளி.

"எனக்கு வைத்தியம் தெரியாது" என்றாள் அவள். "ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம். ஆனா டாக்டர் பாக்கணும். இன்னிக்கே."

"உட்காரு" என்றாள் அக்கா. தன் நாற்காலியை இழுத்து அவனை உட்கார வைத்தாள். குனிந்து அவன் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினாள். ரப்பர் பட்ட இடத்தில் தோல் சிவந்து இரண்டு பட்டையாக இருந்தது. தம்பிக்கும் அப்படித்தான் இருக்கும்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த நால்வரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் சொல்லவில்லை. புதியவன் கடைசியாக இறங்கித் தன் பெல்ட்டைக் கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிட்டான். கூடத்தில் டிரெட்மில்களின் இரைச்சல் நின்றது. அத்தனை வருடமாக இரைச்சல் என்று யாருக்கும் உறைக்காத இரைச்சல்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். "மெஷினை யார் நிறுத்தச் சொன்னது?"

"நாங்கதான்" என்றாள் கண்ணாடிக்காரி. "ஓடுறவங்க எல்லாரையும் டாக்டர் பாக்குற வரைக்கும் யாரும் ஓடமாட்டாங்க. குறை இல்லைன்னு எழுத ஒரு கட்டம் வர்ற வரைக்கும் நாங்க ஒரு சீட்டுலயும் குறிக்கமாட்டோம்."

"சம்பளம் இல்லாம நாலு நாள் தாங்குவீங்களா?"

"தெரியாது சார்" என்றாள் அக்கா. "நிஜமாவே தெரியாது. ஆனா அந்தத் தாள்ல நான் கையெழுத்து போடமாட்டேன். இந்தச் சீட்டெல்லாம் பொய்னு எங்க கேட்டாலும் வந்து சொல்லுவேன். இப்ப இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், வழி விடுங்க."

அவர் விலகவில்லை. பற்றவைக்கும் வரிசைப் பெண்கள் எழுந்து வந்தார்கள். பேக்கிங் ஆட்கள் வந்தார்கள். வாசல் நிறைந்தபோது அவர் விலகித்தான் நின்றார்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. கேட்டைத் தாண்டினார்கள். பேருந்து நிறுத்தத்தின் கம்பி வந்தது. அக்காவின் கால் அங்கே ஒரு கணம் நின்றது. பின்னால் வந்த எழுபது எண்பது பேரும் நின்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் மறுபடி நடந்த பிறகுதான் நடந்தார்கள்.

பழக்க தோஷம், ஒட்டகத்தின் கால் தானாக வேகம் எடுத்தது.

"ஓடாதடா" என்று அவன் கையைப் பிடித்தாள் அக்கா. "நீ எவ்வளவு மெதுவா வந்தாலும் சரி. நாங்க கூடவே வர்றோம்."

அவன் நடையைக் குறைத்தான். அவளும் குறைத்தாள். தெரு முழுக்க நிறைந்து வந்த கூட்டமும் அவன் மூச்சுக்கு ஏற்றபடி, ஒவ்வோர் அடியாக, மெதுவாக நடந்தது.