இரும்புப் பெட்டிக்குள் வாகை

1957-ல் தாடிக்கொம்புச் சாலையை அகலமாக்க வாகை மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஒச்சப்பன் ஒரு கோணி நிறைய நெற்று பொறுக்கிவந்து விதையெடுத்தார். விதைக்கத்தான் மழை இல்லை.

"நல்லாக் காயவச்சு, ஈரக்காத்துப் படாத எடத்துல பூட்டி வைங்க. சும்மா சும்மா தொறக்காதீங்க. வருசக்கணக்கா உசுரோட இருக்கும்," என்றார் கிராம சேவகர்.

ஒச்சப்பனுக்குத் தெரிந்து காற்றுப் புகாத இடம் ஒன்றுதான்: திண்டுக்கல் தோல் வியாபாரி ஜெகபர் அலி வீட்டு இரும்புப் பெட்டி. தோல் பதனிட அவருக்கு ஆவாரம்பட்டை கொண்டுவந்து போடுகிற பழக்கத்தில் கேட்டார். பாயும் விதைப்பானையை உள்ளே வைத்துப் பூட்டி, மழை பெய்கிறவரை திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மனைவி சர்புன்னிசாவின் நகைகளும் அதற்குள்தான் இருந்தன என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதம் சர்புன்னிசாவின் தம்பிக்கு நிக்காஹ். சேதி தெரிந்த ஒச்சப்பன் ஓடிவந்து பெட்டியை மறித்து நின்றார்.

"பாயம்மா, ஒரு தடவ தொறந்தாலும் ஈரக்காத்துப் புகுந்துரும். உள்ள அம்புட்டும் உசுரு."

"மழையே இல்லாத ஊர்ல ஈரக்காத்து எங்கருந்துய்யா வருது?"

ஒச்சப்பன் பெட்டியை விட்டு நகரவில்லை. பாய் வாக்கு மாறவில்லை.

சர்புன்னிசா வெறும் கருகமணியோடு நிக்காஹுக்குப் போனார். பாய் நொடித்துப்போனார் என்று ஊரே பேசியது. சொந்தக்காரர்கள் துக்க வீட்டுக்கு வருவதுபோல் சோற்றுச் சட்டியோடு வந்தார்கள். விதை விஷயத்தைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. பாய் சட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுவருஷம் மழை கொட்டியது. பெட்டி திறந்தது. சர்புன்னிசா அத்தனை நகையையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். ஒச்சப்பன் பாதி விதையை ஊன்றினார். ஒன்றுகூட முளைக்கவில்லை, எல்லாம் கல்லாய்க் கிடந்தது. மிச்சப் பானையைக் கட்டிக்கொண்டு பாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்.

"இந்தச் சனியனுக்காகவா நான் மொட்டக் கழுத்தோட போனேன்?" என்று கத்தியபடி சர்புன்னிசா கொதிக்கிற வெந்நீரைக் கொண்டுவந்து பானைக்குள் ஊற்றினார். வளையல் குலுங்கக் குலுங்க, விதைகளின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். ஒச்சப்பன் அலறினார்.

காலையில் பிணம்போல் ஊதிக் கிடந்த விதைகளைக் கொண்டுபோய், மண்ணோடு போகட்டும் என்று புதைத்தார். சில நாளில் அந்த இடமே பச்சையாகிவிட்டது.

அடுத்த மழைக்கு, புது விதையோடு பாய் வீட்டுக்கு வந்து நின்றார்.

"பாயம்மா, கொஞ்சம் வெந்நி ஊத்தணும்."

"ஏன், ஒங்க வீட்ல அடுப்பு இல்லையா?"

"இருக்கு. ஆனா மொளச்சது வெந்நிக்கா, நீங்க வைஞ்சதுக்கான்னு வெளங்கல. ரெண்டையும் சேத்தே செஞ்சிருங்க."

சர்புன்னிசாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அய்யய்யோ, சிரிக்காதீங்க பாயம்மா!" என்று ஒச்சப்பன் பதறிப்போய்ப் பானையின் வாயைப் பொத்தினார்.