வடக்குக் காடும் ஒரு பச்சைப் பொய்யும்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிப் பெண் ஃபோனில், "காடு செத்துப்போச்சா? என் படத்துல பச்சைப்பசேல்னு இருக்கே," என்றாள். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை வாயைத் திறந்தபடியே யோசித்தேன். ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

வடக்கே, உறைபனி போர்த்திய [உறைபனியை நான் ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறேன். இந்த வரி வேண்டாம்.]

அவள், அந்த ஃபோன் பெண், ஓர் ஆய்வாளர். செயற்கைக்கோள் படங்களை வைத்து, வடக்குக் காடு ஆண்டுக்காண்டு எவ்வளவு பச்சையாகிறது என்று அளப்பவள். காட்டில் காலே வைத்ததில்லை. அது அவள் கணவனின் வேலை. அவன் கொசுக்கடியோடு மரம் மரமாகப் போய், அவள் அளந்தது சரிதானா என்று பார்த்துச் சொல்வான். குடும்பமும் ஏறக்குறைய அதே ஏற்பாட்டில்தான் நடந்தது.

'காடு செழிக்கிறது' என்பது அவள் கண்ட முடிவு. இன்று மதியக் கூட்டத்தில் அதைச் சொன்னால் வேலை நிரந்தரம், குழுவுக்கும் அவளே தலைவி. சொல்லாவிட்டால் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

3

[அவளைப் பல் மருத்துவரிடமிருந்து அலுவலகத்துக்கு மாற்றிவிட்டேன். பல்வலியோடு எப்படிக் கூட்டத்தில் பேசுவாள்?]

"மரமெல்லாம் பட்டுப்போச்சும்மா," என்றான் கணவன், ஃபோனில். "வண்டு விழுந்திருக்கு. வெயில் உள்ள இறங்கி, கீழ புதர் மண்டிக் கிடக்கு. மேலேர்ந்து நீ பாக்கற பச்சை அதுதான்."

"மேலேர்ந்து பாத்தா மரமும் பச்சை, புதரும் பச்சை. நான் என்ன பண்றது?"

"அப்ப பச்சைப் பொய் சொல்லப்போறே."

(இந்தச் சிலேடைக்காகத்தான் கதையே எழுதினேன் என்கிறாள் என் மனைவி. அது பச்சைப்... விடுங்கள்.)

"வாய்க்கொழுப்பு. போன தடவை பக்கத்துக் காட்டுல போய் அளந்துட்டு வந்தவர்தானே நீங்க? இப்ப எந்தக் காட்டுல நிக்கறீங்க?"

"அந்த வெட்கத்துலதான், திரும்பப் போய் நம்ம மரத்துக்கெல்லாம் நாடா கட்டினேன். உன் பேர் எழுதின மரத்தடியிலதான் நிக்கறேன். நாடா இருக்கு. மரம் மொட்டை."

கண்ணால் பார்த்திராத ஒரு மரத்துக்காக அழுகை வந்ததில் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் எழுந்து நின்று கை [சினிமாத்தனம். அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவன் முகத்தை [எழுத மனம் வரவில்லை.]

அவள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. மேகம் மறைத்த இடம் படத்தில் காலியாக வரும். முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் வைத்து நடுவில் இருப்பதை நிரப்பிக்கொள்வார்கள்.

5

முந்தைய படம்: கூட்ட அறை வாசலில் அவள். கையில் மடிக்கணினி. திரையில் கொட்டை எழுத்தில் 'காடு செழிக்கிறது'.

[மேகம்]

பிந்தைய படம்: வீட்டு வாசலில் கணவன், முகமெல்லாம் கொசு கடித்துத் தடிப்புத் தடிப்பாக. அவள் கதவைத் திறக்கிறாள்.

"அடுத்த தடவை காட்டுக்கு நானும் வரேன்."

"லீவு தருவாங்களா?"

"இனிமே நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

வேலை போய்விட்டதா, நிரந்தரமாகிவிட்டதா? நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கிற எனக்கு இரண்டும் பச்சையாகத்தான் தெரிகிறது.