நிழல் பார்த்த வருஷம்

வக்கீலின் மகனுடைய நிழல் ஒரு சாயங்காலம் அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து வாசற்படியில் தடுக்கி விழுந்தது. பின்னால் வந்த பையன் நேராகத்தான் நடந்து வந்தான். தலை வாரியிருந்தான், சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டிருந்தான், வாயில் புதினா மிட்டாய் மணத்தது. பாடம் நிறைய இருக்கிறதென்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான். நிழல் படியைப் பிடித்து எழுந்து, மறுபடி சரிந்து, கடைசியில் தவழ்ந்துகொண்டு அவன் பின்னால் போயிற்று. வக்கீல் அவனுடைய பையை வாங்கிப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலில் இருந்தது தண்ணீர் இல்லை.

அதன்பிறகு பல வீடுகளில் இது நடந்தது. காண்டிராக்டர் மகனின் நிழல் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நகர மறுத்தது. வங்கி மேலாளர் மகனின் நிழல், அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சுவரில் தனியாக உட்கார்ந்து சிரித்தது. சில பிள்ளைகள் குடித்திருந்தார்கள், சிலர் கஞ்சாப் பொட்டலம் வாங்கியிருந்தார்கள், சிலர் பேர் தெரியாத மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்தார்கள். உடம்பை நேராக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தவர்களுக்கு நிழலை நேராக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. இது ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. யார் வீட்டில் நடக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அந்த வருஷம் கல்யாணம், சாவு எதுவானாலும் வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்த்தார்கள்.

உயர்நிலைப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கு மருந்துக்கடைக்காரர்தான் தலைவர். அவருடைய தாத்தா மாட்டிய பெயர்ப்பலகை இன்னும் கடையில் இருந்தது. அதைத் தினமும் தன் கையாலேயே துடைப்பார். யாருக்கும் முதுகை வளைத்துப் பழக்கமில்லாத மனிதர். அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. நல்ல பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பவனுக்கு நிமிர்ந்து நிற்கும் உரிமை உண்டு. பள்ளி வாசலில் பெரிய விளக்கு ஒன்று வைப்பது, எதிர்ச் சுவருக்கு வெள்ளையடிப்பது, பள்ளி விட்டதும் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்து போவது என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். அப்போது டீச்சரம்மா ஒருத்தி எழுந்து, பெண் பிள்ளைகள் எந்த வழியாகப் போவது என்று கேட்டாள்.

"நம்ம வீட்டுப் பொண்ணுங்களை விளக்கு முன்னாடி நிறுத்தி நிழல் பார்க்கிறதா? மானம் மரியாதை உள்ளவங்க செய்யற வேலையாம்மா அது?" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் கை தட்டினார்கள். பெண்களுக்காக மரங்கள் அடர்ந்த பக்கவாட்டு வாசல் திறந்துவிடப்பட்டது.

அவருடைய மகள் அந்த வாசல் வழியாகத்தான் தினமும் வந்தாள். வெயிலோ மழையோ, பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நடப்பாள். குடையின் நிழலுக்குள் அவள் நிழல் அடங்கியிருக்கும். வளர்ப்பு என்றால் இதுதான் என்று தெருவே சொன்னது. அவர் காதிலும் அது விழுந்தது, விழும்படியாகத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, மூலைக்கு மூலை டியூப் லைட் எரியும் கடைக்குப் போய் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கல்லாவில் நிற்பாள்.

மகனுக்குத்தான் நிம்மதி இல்லை. பள்ளி விளக்கு போதாதென்று, வீட்டிலும் அவனைக் கூடத்துச் சுவரோரம் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்ப்பார். நிழல் குச்சி மாதிரி நேராக நிற்கும். அதுதான் அவருக்கு உறுத்தியது.

"இவ்வளவு நேரா எவன் நிழலாவது நிக்குமா? ஏதோ தகிடுதத்தம் பண்றான்."

"வளைஞ்சா குடிச்சிருக்கேம்பீங்க. நேரா நின்னா நடிக்கிறேங்கறீங்க. உக்காந்துக்கட்டுமா?" என்றான் மகன்.

"வாயைப் பாரு" என்றார். "அவனை விடுங்களேன், புள்ளை இளைச்சுப்போறான்" என்று மனைவி சொன்னதற்கு, இளைத்துப்போவதே ஒரு அறிகுறி என்றார்.

அவர் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. கடையில் இருமல் மருந்து குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத சரக்கு அது. மேல்தட்டில் பூட்டி வைத்திருந்தார். பூட்டு பூட்டியபடி இருக்க, பின்வரிசைப் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி நின்றன. மகனுடைய பையையும், படுக்கையையும், ஷூவின் உட்புறத்தையும் சோதித்தார். சாவியை எங்கே வைப்பது என்று யோசித்து, பத்திரமான கையில் இருக்கட்டும் என்று மகளிடம் கொடுத்தார்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் கடையில் மின்சாரம் போயிற்று. வக்கீல் தலைவலி மாத்திரை வாங்க வந்திருந்தார். மகன் அப்பாவுக்கு டிபன் எடுத்து வந்திருந்தான். மருந்துக்கடைக்காரர் எமர்ஜென்சி விளக்கை மேசைமேல் வைத்து ஏற்றினார். அலமாரிச் சுவரில் எல்லோருடைய நிழலும் பெரிதாக விழுந்தது. மகள் வக்கீலுக்கு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கை நடுங்கவில்லை. அவள் நிழல் பாட்டில்களைப் பிடித்துத் தொங்கி, தட்டு தட்டாக வழுக்கி இறங்கி, தரையில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டது.

மருந்துக்கடைக்காரர் விளக்கை அணைத்தார்.

"அணைச்சா சரியாயிடுமா, தலைவரே? நானும் மொதல்ல அதைத்தான் செஞ்சேன்" என்றது இருட்டில் வக்கீலின் குரல். குத்தலா பரிவா என்று தெரியவில்லை. "லைட்டைப் போடுங்கப்பா" என்றான் மகன். அவர் போடவில்லை.

மறுநாளிலிருந்து மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொல்லப்பட்டது. வீட்டு ஜன்னல்களுக்குத் திரை போட்டார்கள். திட்டி முடித்து, அழுது முடித்து, ஏன் என்று அம்மா கேட்டபோதுதான் அவள் வாயைத் திறந்தாள். "பரீட்சைன்னா நெஞ்சு படபடங்குதும்மா. தூக்கமே வரலை. ஒரு மூடி குடிச்சேன், அடங்கிச்சு. அப்புறம் ஒரு மூடி பத்தலை. அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? நம்ம வீட்டுல இதெல்லாம் நடக்காதுன்னு அவர் ஊருக்கே சொல்லிட்டிருந்தாரு." அறை வாசலின் திரைக்கு இந்தப் பக்கம் நின்று மருந்துக்கடைக்காரர் அதைக் கேட்டார். எந்த மருந்து எந்த நோய்க்கு என்று தலைமுறையாகச் சொல்லிவந்த வீட்டுக்காரர், திரையை விலக்காமல் கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

அதற்கடுத்த காலையில் மகள் எழுந்து நின்றாள், நிழல் எழவில்லை. பாயிலேயே கிடந்தது. அவள் நகர நகர அது ஈரத்துணி போலத் தரையில் இழுபட்டது. அவள் உதடு வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரி கடைத்தெருவின் மறுகோடியில், பள்ளியைத் தாண்டி இருந்தது.

"உச்சி வெயில்ல கூட்டிட்டுப் போலாங்க" என்றாள் மனைவி. "நிழல் காலடியிலேயே கிடக்கும். யாரும் பார்க்க மாட்டாங்க."

அது பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம். தெருவெல்லாம் நீளநீள நிழல்கள். அவர் வெளியே பார்த்தார், மகளைப் பார்த்தார். கூடத்தில் நின்ற மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் அப்பாவின் செருப்பை எடுத்து வைத்தான். மகள் வழக்கம்போலக் குடைக்குக் கை நீட்டினாள். அவர் அதை வாங்கி ஆணியில் திரும்ப மாட்டினார்.

"வாம்மா" என்றார்.

தெருவில் இறங்கினார்கள். தையல்காரர் மெஷினை நிறுத்தினார். பள்ளி வாசலில் வரிசையில் நின்ற பையன்கள் திரும்பினார்கள். மகளின் நிழல் தெருவின் முழு அகலத்துக்கும் தள்ளாடி, எதிர்க் கடைப் படிகளில் முட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் யாரையும் பார்க்கவில்லை, முதுகை வளைக்கவில்லை, எப்போதும்போல நிமிர்ந்தே நடந்தார். ஆனால் அவருடைய நிழல் குனிந்தது. ஒரு தோளைத் தாழ்த்தி, மகளின் நிழலை அள்ளி அதன்மேல் சாய்த்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தது. வக்கீல் தன் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்து, அவர்களுக்கு மறுபக்கம் சேர்ந்து நடந்தார். பக்கவாட்டு வாசலில் மரநிழலில் ஒதுங்கி நின்ற பெண் பிள்ளைகளில் சிலர், கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு வெயிலுக்கு வந்தார்கள்.

சிகிச்சை நீண்டது. இடையில் ஒருமுறை மகளின் நிழல் மறுபடியும் விழுந்தது; மறுபடியும் அதே தெருவில் நடந்தார்கள். பள்ளி விளக்கு பழுதானபோது யாரும் அதைச் சரிசெய்யவில்லை, வெள்ளைச் சுவரில் பையன்கள் கரியால் கிரிக்கெட் ஸ்டம்பு வரைந்துகொண்டார்கள். மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். இப்போது அவள் நிழல் அவளைவிட நேராக நடக்கிறது என்று கேள்வி. மருந்துக்கடைக்காரரின் நிழல் மட்டும் ஒரு தோள் தாழ்ந்தபடியே நின்றுவிட்டது. காலையில் அவர் பெயர்ப்பலகையைத் துடைக்கும்போது, அது தெருவில் குனிந்து நிற்கும். கடைக்கு வருகிறவர்கள் அந்தத் தோளை மிதிக்காமல் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் படியேறுகிறார்கள்.